தொப்புள் எந்தக் கணக்கில் வரும்?

1899ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்தார். நீளம் 90 சென்டிமீட்டர். அகலம் 31. தடிமன் 7. எடை 7,450 கிராம். மரக்கடையில் பலகைக்கு அளவு குறிப்பதுபோல இருக்கிறது. கெல்லி பெண்நோய் மருத்துவர். அந்த மருத்துவமனையைப் புகழ்பெறச் செய்த நான்கு முதல் பேராசிரியர்களில் ஒருவர். வயிற்றைத் திறப்பது அவருக்குத் தினசரி வேலை. திறக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே இவ்வளவு தொங்குகிறதே, இதையும் எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். 'லிபெக்டமி' என்ற பெயர் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான். பிரான்சில் 1890இலேயே இருவர் இப்படி ஒரு ஆபரேஷனைச் செய்திருந்தார்கள் என்றாலும் வரலாறு எழுதுபவர்கள் கெல்லியிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த அளவுகளின் வசீகரம் அப்படி.

எனக்கு அளவுகளைவிட வேறொன்று முக்கியமாகப் பட்டது. கெல்லியின் முறையில் வயிற்றின் நடுப்பகுதியைக் குறுக்காக, படகு வடிவில் வெட்டி எடுப்பார்கள். தொப்புளும் அதோடு போய்விடும். யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பிறந்த சில நாட்களில் தொப்புளின் வேலை முடிந்துவிடுகிறது. பாரம் இறங்கி, புண் ஆறி, நோயாளி எழுந்து நடந்தால் போதும். தொப்புள் போனால் போகிறது.

பிறகு எப்போதோ தொப்புள் முக்கியமாகிவிட்டது. மிஞ்சிய தோலை வெட்டுவதன் வரலாற்றில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய திருப்பம் அதுதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் இருக்கிறது. 2020 நடுவில் என் எடை 127 கிலோ. 2022 கடைசியில் 79. உயரம் 175 சென்டிமீட்டர். எப்படிக் குறைத்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுத ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். குறைத்த பிறகு என்ன மிஞ்சும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சட்டை போட்டிருக்கும்வரை நான் ஒல்லியான ஆள். கழற்றினால் அடிவயிற்றில் ஒரு மடிப்பு, நனைந்த துண்டைக் கொடியில் போட்ட மாதிரி, தொங்குகிறது. நெஞ்சிலும் தொடையின் உள்பக்கத்திலும் அப்படியே. ஓடினால் சத்தம் கேட்கும். சென்னையின் மே மாதத்தில் மடிப்புக்குள் வியர்வை தேங்கி, அரிப்பில் ஆரம்பித்து, படர்தாமரையில் முடியும். பவுடர், களிம்பு, அதற்கு மேல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் பனியன். காலையில் பேண்ட் போடும்போது தினமும் ஒரு முடிவெடுக்க வேண்டும்: மடிப்பை உள்ளே போடுவதா, வெளியே விடுவதா? இது அற்பமான பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் அந்த முடிவை எடுத்துப் பார்க்கலாம்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் முதல் கேள்வி "என்ன தம்பி, சுகரா?" என்பதுதான். நம் ஊரில் உடம்பு இளைத்தால் வியாதி. "இல்லைங்க மாமா, நானாத்தான் குறைச்சேன்" என்றால் நம்பாமல் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த மாமாவிடம் போய் தோலைப் பற்றி என்ன பேசுவது?

*

ரொம்ப நாள் நான் தோலை ரப்பர் என்றே நினைத்திருந்தேன். படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பிழைப்பு சாஃப்ட்வேர். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், ஒரு எல்லைக்கு மேல் இழுத்தால் திரும்பாது. இதுதான் இரண்டாம் ஆண்டுப் பாடம். அப்படியென்றால் என் தோல் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கு பாதிதான் சரி.

தோல் எப்போதும் இழுபட்ட நிலையில்தான் இருக்கிறது என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பாரிஸின் துப்யூத்ரன். தன்னைத்தானே குத்திக்கொண்ட ஒருவனின் காயங்களை 1830களில் அவர் பார்த்தார். குத்திய ஊசி உருண்டை. காயங்களோ கத்தி செருகியதுபோல நீள்வட்டமாக இருந்தன. பிறகு வியன்னாவின் உடற்கூற்றியலாளர் கார்ல் லாங்கர் இதையே முறையாகச் செய்தார். பிணங்களின் தோலில் உருண்டையான முனையால் வரிசை வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையும் எந்தத் திசையில் நீள்கிறது என்று பார்த்துக் கோடுகளாக இணைத்தார். 1861இல் வெளியான அந்த வரைபடத்தின் கோடுகள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. மரத்துக்கு இழையோட்டம் இருப்பதுபோல மனிதத் தோலுக்கும் இருக்கிறது. அந்த ஓட்டத்தோடு வெட்டினால் வடு மெல்லியதாக ஆறும், குறுக்கே வெட்டினால் அகலும்.

இதுவரை இயந்திரவியல். அடுத்தது 1957. நியூயார்க்கில் சார்லஸ் நியூமன் என்ற மருத்துவரிடம் காது இழந்த ஒருவர் வந்தார். காது செய்யத் தோல் போதவில்லை. நியூமன் அந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்துத் தைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடித்தார். மேலிருந்த தோல் பெருகியது. 1976இல் செடோமிர் ரடோவன் சிலிக்கோன் பையும் உப்புநீருமாக இதையே மேம்படுத்திய பிறகு உலகமே இதைச் செய்ய ஆரம்பித்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பில் இன்று இது சாதாரணம்.

பலூனுக்கு மேலே இருக்கும் தோல் வெறுமனே இழுபட்டு மெலிவதில்லை. இழுவிசையை உணர்ந்து செல்கள் பிரிகின்றன. புதிய தோல் வளர்கிறது. ஸ்டான்ஃபோர்டில் எலன் குல் குழுவினர் 2011இல் இதற்கு ஒரு கணித மாதிரியே எழுதினார்கள்: இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டினால் பரப்பு கூடும், விசையை எடுத்தால் மீளும் பகுதி மட்டும் சுருங்கும், வளர்ந்த பகுதி அப்படியே நிற்கும். படித்தபோது சிரித்துவிட்டேன். என் வயிற்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து வருஷம் ஒரு பலூன் இருந்தது. கொழுப்பு என்ற பலூன். அதற்கு வேண்டிய தோலை உடம்பு நேர்மையாக உற்பத்தி செய்து கொடுத்தது. பிறகு நான் பலூனை எடுத்துவிட்டேன். தோலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள உடம்பிடம் ஏற்பாடு இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு மெமரி லீக் என்று பெயர்: கேட்டபோது ஒதுக்கிய இடத்தை வேலை முடிந்த பிறகு யாரும் விடுவிக்கவில்லை.

கொஞ்சமாவது சுருங்கலாமே என்றால், அதற்கு வேண்டியது எலாஸ்டின் என்ற நார்ப்புரதம். பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிறது. பிறகு உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இது தெரியவந்த ஒரு வழி வினோதமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் காற்றுவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பயிருக்குப் போய், சோற்றுக்குப் போய், அந்தக் காலத்தில் உருவான திசுக்கள் எல்லாவற்றிலும் பதிந்தது. ஒரு திசுவில் அந்தக் கார்பன் எவ்வளவு என்று பார்த்தால் அது எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். 1991இல் மனித நுரையீரலின் எலாஸ்டினை இப்படிச் சோதித்தார்கள். சராசரியாக 74 ஆண்டுகள் அப்படியே இருக்கிறதாம். நுரையீரலுக்குச் செய்த கணக்குதான் என்றாலும் செய்தி ஒன்றே: பிறவியில் கொடுத்தனுப்பிய நாரை வைத்தே காலம் தள்ள வேண்டும். 2010 வாக்கில், எடை குறைத்தவர்களிடமிருந்து வெட்டியெடுத்த தோலை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள், கொலாஜன் மெலிந்தும் எலாஸ்டின் சிதைந்தும் இருப்பதைக் கண்டன. தடவும் கிரீம் எதுவும் ஆழத்தில் கிடக்கும் அந்த நாரை மறுபடி நெய்துவிடாது. விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருப்பார்கள்.

மிச்சம் எவ்வளவு என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். உடம்பின் பரப்பளவுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு, 1987இல் மோஸ்டெல்லர் தந்தது: உயரத்தை எடையால் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம். (இதற்கெல்லாம் முன்னோடியான 1916ஆம் ஆண்டுச் சூத்திரம், ஒன்பதே பேரின் உடம்பில் காகிதத்தை ஒட்டி, உரித்து, விரித்து அளந்ததிலிருந்து வந்தது. மருத்துவத்தின் எத்தனை உறுதிகள் இப்படிப்பட்ட ஒன்பது பேர் மேல் நிற்கின்றனவோ!) 127 கிலோவில் எனக்கு 2.48 சதுர மீட்டர். 79 கிலோவில் 1.96. வித்தியாசம் அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். சூத்திரம் இந்த வேலைக்கு ஆனதல்ல. தோலில் ஒரு பங்கு சுருங்கவும் செய்யும். இருந்தாலும் ஒரு கைத்துண்டு அளவுக்கு எனக்குத் தேவைப்படாத நான் என் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எண் சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது.

*

பிளாஸ்டிக் சர்ஜரியின் பழைய வரலாறு முழுக்கத் தோல் பற்றாக்குறையின் வரலாறு. அறுந்த மூக்குக்கு நெற்றியிலிருந்து தோலைத் திருப்பித் தைக்கும் இந்திய முறை 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வெளியானபோது ஐரோப்பிய மருத்துவர்கள் வியந்தார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்குத் தோலைக் குழாயாகச் சுருட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார் ஹரோல்ட் கில்லிஸ். நியூமனின் பலூனும் பற்றாக்குறைக்கு வந்த விடைதான். இல்லாத தோலை எங்கிருந்தாவது கொண்டுவருவதே அந்தக் கலை. அதில் உபரித் தோலோடு வந்து நிற்பவன் கொஞ்சம் சங்கடமான விருந்தாளி.

அந்த உபரிக்கு ஒரு மரியாதை வந்தது பிரேசிலில். இவோ பிதாங்கி ரியோ டி ஜெனிரோவின் பிளாஸ்டிக் சர்ஜன். 1961 டிசம்பரில், அருகில் இருந்த நிதெராய் நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் குழந்தைகள். உயிர் பிழைத்தவர்களின் வெந்த தோலோடு போராடியவர்களில் பிதாங்கி முன்னால் நின்றார். அதே மனிதர்தான் பிறகு சினிமா நட்சத்திரங்களுக்கும் பிரபுக்களுக்கும் மருத்துவரானார். ரியோவின் பழைய தரும ஆஸ்பத்திரியான சாந்தா காசாவில் ஏழைகளுக்கும் அதே ஆபரேஷன்களைச் செய்யும் வார்டு ஒன்றை நடத்தினார். வெந்த முகத்தோடு வாழ்வது துன்பம் என்றால், தன் உடம்பைப் பார்க்கவே பிடிக்காமல் வாழ்வதும் துன்பம்தான், அதற்குப் பணக்காரன் ஏழை இல்லை என்பது அவர் கட்சி. 1999 கார்னிவலில் ஒரு சாம்பா பள்ளி தன் ஊர்வலத்தையே அவருக்குக் காணிக்கையாக்கியது. எந்த ஊரில் அறுவை மருத்துவருக்காகத் தெருவில் ஆடியிருக்கிறார்கள்?

பிதாங்கி 1967இல் 300 வயிற்று ஆபரேஷன்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வெட்டு கீழே இறங்கியது. வடு உள்ளாடைக்குள் மறையும் இடத்துக்குப் போனது. தொப்புளோ இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1957இல், வெர்னன் என்பவரின் கட்டுரையில் காப்பாற்றப்பட்டிருந்தது. செய்யும் விதம் இதுதான்: தொப்புளைச் சுற்றி வட்டமாக வெட்டி, அதன் காம்போடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிடுவார்கள். மேலிருக்கும் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைத்தபின், இழுத்த தோலில் சரியான இடம் பார்த்துப் புதிதாக ஒரு துளை போட்டு அதன் வழியே தொப்புளை வெளியே எடுத்துத் தைப்பார்கள். தொப்புள் நகர்வதில்லை; உலகம்தான் அதைச் சுற்றி நகர்கிறது. கெல்லி தயங்காமல் வீசிய ஒன்றுக்காக இவ்வளவு பாடு. தொப்புள் இல்லாத வயிறு எந்த வேலையையும் குறைவாகச் செய்வதில்லை. ஆனால் பார்த்தால் மனித வயிறு மாதிரி இருக்காது. அந்த 'மாதிரி'க்காகத்தான் ஒரு மணி நேரமோ என்னவோ கூடுதலாக நின்று தைக்கிறார்கள். எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றவில்லை.

*

எடை குறைப்பின் வரலாறு தனியே ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தராசு மட்டுமே கண். 1863இல் லண்டனில் சவ அடக்கத் தொழில் செய்த வில்லியம் பேன்டிங், மாவும் சர்க்கரையும் குறைத்து 46 பவுண்டு இறக்கிய கதையைச் சிறு நூலாக எழுதினார். ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் டயட் இருப்பதற்கு வினைச்சொல்லே அவர் பெயர்தான். 1965 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியரி என்ற 27 வயது இளைஞர் மருத்துவர்களின் கண்காணிப்பில் சாப்பிடுவதை நிறுத்தினார். 382 நாட்கள். 456 பவுண்டிலிருந்து 180. 1973இல் வெளியான மருத்துவக் கட்டுரையின் கவலை ரத்தச் சர்க்கரை, பொட்டாசியம், மெக்னீசியம் என்று ரத்தத்துக்குள்ளேயே ஓடுகிறது. தலைப்பிலேயே 'வெற்றிகரமான' என்ற சொல் இருக்கிறது. 276 பவுண்டு போன பிறகு அந்த மனிதர் கண்ணாடியில் எதைப் பார்த்தார் என்பது ஆய்வின் கேள்வி அல்ல. இன்று யூடியூபில் இதே பார்பியரியைக் காட்டி, பட்டினி கிடந்தால் உடம்பே மிச்சத் தோலைத் தின்றுவிடும் என்று சொல்கிறார்கள். 2016 நோபல் பரிசையும் துணைக்கு இழுக்கிறார்கள். ஓசுமி அந்தப் பரிசைப் பெற்றது ஈஸ்ட் செல்களில் செய்த வேலைக்கு. ஈஸ்டுக்குத் தொப்பை கிடையாது.

1954இல் மினசோட்டாவில் குடலைச் சுற்றிவிடும் ஆபரேஷன், 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசனின் இரைப்பை பைபாஸ், 1990களில் சிறுதுளை வழியே அதையே செய்யும் முறை. இவை பரவியதும் நூறு பவுண்டுக்கு மேல் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் சர்ஜன்களின் வாசலுக்கு வந்தார்கள். பிதாங்கியின் முறை பிள்ளை பெற்ற வயிற்றுக்கு ஆனது. இவர்களுக்கு உடம்பைச் சுற்றியே தோல் தளர்ந்திருந்தது. கான்சஸைச் சேர்ந்த டெட் லாக்வுட் 1991இல், தோலுக்குக் கீழே கொழுப்புக்குள் ஓடும் ஒரு நார்ப்படலத்தை விவரித்து, பாரத்தைத் தோலில் அல்ல, அந்தப் படலத்தில் தைத்துத் தாங்க வைக்க வேண்டும் என்றார். 2005இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தவர் உடம்பைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் அளவுகோல் கொண்டுவந்தார்கள். ஒரு குறைக்கு அளவுகோல் வந்துவிட்டால் அது மருத்துவத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். நானே எனக்குப் போட்டுப் பார்த்தேன். வயிற்றில் 2 தேறியது.

*

மருத்துவத்துக்குள் வந்தது. காப்பீட்டுக்குள் வரவில்லை.

1989இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒரு வரையறை தந்தது. இயல்பான உறுப்பை மெருகேற்றினால் அது அழகு அறுவை. பிறவிக்குறை, விபத்து, நோய் முதலியவற்றால் இயல்பு கெட்ட உறுப்பைச் சரிசெய்தால் அது சீரமைப்பு. தாளில் தெளிவாகத்தான் இருக்கிறது. மிச்சத் தோலை எதில் சேர்ப்பது? உயிருள்ள, ரத்தம் ஓடும் தோல்தான் என்பார் ஒருவர். நுண்ணோக்கியில் பாருங்கள், நார் சிதைந்திருக்கிறது என்பார் இன்னொருவர்.

தீர்ப்பு எண்களில் வந்தது. அமெரிக்காவில் மருத்துவர்கள் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்துத்தான் பணம் தரும். 2007இல் அடிவயிற்றுத் தொங்கலை வெட்டுவதற்கு 15830 என்ற எண் வந்தது. அதோடு கூட்டிப் போடும் துணை எண் 15847. முதலாவது பானிகுலெக்டமி: தொப்புளுக்குக் கீழே தொங்குவதை வெட்டித் தைப்பது. மடிப்பு இடுப்பெலும்புக்குக் கீழே இறங்கியிருந்தால், புண் மாதக்கணக்கில் மருந்துக்கு ஆறவில்லை என்றால், போட்டோ இருந்தால், பெரும்பாலும் பணம் கிடைக்கும். இரண்டாவது அப்டமினோபிளாஸ்டி, கைக்காசு. அந்த எண்ணின் விளக்கத்தில், அடைப்புக்குறிக்குள், அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதியிருக்கிறது: தொப்புளை இடம்மாற்றுவது, வயிற்றுச் சுவரை மடித்துத் தைப்பது.

அந்த வரியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நோய்க்கும் அழகுக்கும் நடுவில் கோடு எங்கே போகிறது என்று தத்துவக்காரர்கள் எவ்வளவோ எழுதியிருக்கலாம். கோடு போட்டவர்களுக்கு அது மிகத் தெளிவாக இருந்திருக்கிறது. அது தொப்புள் வழியாகப் போகிறது. கெல்லி 1899இல் செய்ததற்குப் பணம் உண்டு. வெர்னன் 1957இல் சேர்த்ததற்கு இல்லை.

நம் ஊருக்கு வருவோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எல்லா நிறுவனங்களும் விலக்குகளை ஒரே சொற்களில் எழுத வேண்டும் என்று குறியீட்டு எண்களோடு ஒரு பட்டியலைக் கொண்டுவந்தது. நல்ல காரியம், முன்பெல்லாம் ஆளுக்கொரு தமாஷாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஆறாவது விலக்கு உடல் பருமன். பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் கடுமையான துணைநோய்களோடு, மருத்துவர் பரிந்துரையும் இருந்தால் பருமனுக்கான ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. எட்டாவது விலக்கு காஸ்மெட்டிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. தோற்றத்தை மாற்றும் எதற்கும் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் உண்டு; உடனடியான நேரடி உடல்நல ஆபத்தை நீக்க வேண்டும் என்று மருத்துவர் சான்று தந்தாலும் உண்டு.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். பருமனைக் குறைக்க ஆறாவது பணம் தரும். குறைத்ததால் மிஞ்சியதை எட்டாவது கைவிடும். அமெரிக்காவிலும் மார்பகத்தை எடுக்கப் பணம் தந்த நிறுவனங்கள் சில அதைத் திரும்ப உருவாக்கப் பணம் தர மறுத்த காலம் இருந்தது. 1998இல் அங்கே சட்டம் வந்தது: மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு சீரமைப்புக்கும் தர வேண்டும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க மற்ற மார்பகத்தில் செய்வதற்கும் தர வேண்டும். ஒத்திருப்பதற்கும் உயிருக்கும் சம்பந்தமில்லை. சிகிச்சை விட்டுச்சென்ற சிதைவு சிகிச்சையின் கணக்கில்தான் வர வேண்டும் என்று ஒரு சமூகம் ஒத்துக்கொண்டது, அவ்வளவுதான். விபத்து, தீ, புற்றுநோய். மூன்றிலும் பாதிக்கப்பட்டவரைப் பார்த்து 'உன்னால்தானே' என்று யாரும் கேட்க மாட்டார்கள். பருமனில் கேட்பார்கள். விலக்கின் வாசகத்தில் அந்தக் கேள்வி இல்லை. இல்லாமலே கேட்கிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச்சைச் சேர்ந்த பால் மேசன் ஒரு காலத்தில் உலகின் மிகப் பருமனான மனிதர் என்று பத்திரிகைகளில் வந்தவர். 2010இல் அரசுச் செலவிலேயே பைபாஸ் நடந்தது. இருநூறு கிலோவுக்கு மேல் குறைத்தார். மிஞ்சிய தோலின் பாரத்தால் சக்கர நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. எடை நிலையாக நிற்கும்வரை தோல் ஆபரேஷனுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் 2015இல் நியூயார்க்கில் ஒரு சர்ஜன் கட்டணம் வாங்காமல் செய்தார்.

நானும் என் காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் செய்தேன்.

"சார், அது காஸ்மெட்டிக்ல வருது சார்."

"மடிப்புல அடிக்கடி புண் வருதுங்க. நாலு வருஷமா மருந்து போடறேன்."

"அதுக்கு நீங்க ஓபி பார்த்துக்கலாம் சார்."

"ஓபிக்குப் பணம் தருவீங்களா?"

"உங்க பாலிசில ஓபி கவர் இல்ல சார்."

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவன் முன்னால் ஒரு திரை, திரையில் ஒரு பெட்டி, பெட்டியில் எட்டு என்ற எண். அந்த மாதிரித் திரைகளை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

*

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தது. என் அலுவலகத்திலேயே தெரிந்து மூன்று பேர் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பதினெட்டு கிலோ குறைந்துவிட்டார். போன மாதம் கேன்டீனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ப்ரோ, உங்களுக்குக் கையில இப்படித் தொங்குச்சா?" என்று கேட்டார். முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றிக் காட்டினார். நானும் காட்டினேன். இரண்டு பேரும் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் எலாஸ்டின் பற்றிப் பேசினோம்.

அம்மாவுக்கு இது புரியவில்லை. "இளைச்சவன் தோல் தொங்கத்தான்டா செய்யும். உங்க தாத்தாவுக்குத் தொங்கலையா? அவரு என்ன ஆபரேஷனா பண்ணிக்கிட்டாரு?" தாத்தாவுக்கு அப்போது வயது 84. எனக்கு 36. எலாஸ்டின் கணக்கில் வித்தியாசம் பெரிதில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன், சொல்லவில்லை. "சரி, வலிக்காதா?" என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். இரண்டு மூன்று வாரம் குனிந்துதான் நடக்க வேண்டும், இடுப்பு நெடுக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை வடு இருக்கும் என்றேன். "அப்போ ஒரு கோட்டுக்காக ஒரு மடிப்ப மாத்திக்கற" என்றாள். கச்சிதமான சுருக்கம். ஆமாம் என்றேன்.

சர்ஜனைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும் அம்மையார். படுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "படுத்தா தோல் பக்கவாட்டுல ஓடிப் போயிடும், நில்லுங்க. ஆபரேஷன் அன்னிக்கும் நிக்க வெச்சுத்தான் மார்க் பண்ணுவேன்" என்றார். மடிப்பை இரண்டு கையாலும் கிள்ளித் தூக்கி, மேலிருந்து கீழே எவ்வளவு வரும் என்று பார்த்தார். துணிக்கடையில் அளவு பார்ப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. அந்தச் சாதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. புண்ணைப் பற்றியும் களிம்புச் சீட்டுகளைப் பற்றியும் கேட்டுவிட்டு, மருத்துவக் காரணத்துக்காகப் பானிகுலெக்டமி என்று எழுதித் தர முடியும், போட்டோவும் தோல் மருத்துவரின் சீட்டுகளும் சேர்த்து அனுப்புங்கள், கிடைத்தாலும் கிடைக்கும் என்றார்.

"ஆனா அதுல கீழ தொங்கறது மட்டும்தான். மேல இருக்கற லூஸ் அப்படியே இருக்கும். தொப்புளும் கீழ இறங்கித் தெரியும். அதையும் சரிபண்ணணும்னா அது தனி."

"தனின்னா?"

அவர் மேஜையில் இருந்த தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எஸ்டிமேட்டில் இரண்டு வரிகள். முதல் வரிக்கு எதிரே பென்சிலால் 'க்ளெய்ம்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். இரண்டாவது வரிக்கு எதிரே எதுவும் இல்லை, தொகை மட்டும்தான்.

தாள் இப்போது என் பையில் இருக்கிறது. போட்டோக்கள் எடுத்தாயிற்று, சீட்டுகளில் 2023ஆம் வருடத்து இரண்டைக் காணவில்லை, மருந்துக்கடையில் பழைய பில் கேட்டிருக்கிறேன். முதல் வரிக்கான விண்ணப்பம் வரும் வாரம் போகும். இரண்டாவது வரிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.